தேயிலை வாங்கும் முன் நம் ஊர்த் தண்ணீரில் ருசி பாருங்கள்

மளிகைக் கடைக்காரர் அரிசி வாங்கும்போது நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறார். மிளகாய் வற்றலைக் குலுக்கிப் பார்க்கிறார். தேயிலை என்று வரும்போது மட்டும் சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்து, நிறம் பார்த்து, மோந்து பார்த்து, விலையைக் கேட்டு, "அஞ்சு சிப்பம் போடுங்க" என்று சொல்லிவிடுகிறார். நானும் சில வருடம் அப்படி வாங்கியவன்தான். நஷ்டப்பட்ட பிறகே வீட்டு அடுப்படியில் தேயிலையை ருசி பார்க்கப் பழகினேன். அந்த முறையை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

1994-ல் குன்னூர் போயிருந்தேன். ஒரு வியாபாரி தன் ரூமில் வரிசையாகக் கோப்பைகள் வைத்து டீ ஊற்றிக் காட்டினார். ஒரு தூள் நல்ல செம்பு நிறம். வாயில் வைத்தால் விறுவிறு என்றிருந்தது. 12 சிப்பம் எடுத்தேன். சரக்கு பரமக்குடி வந்து சேர்ந்த மூன்றாம் நாள், டீக்கடைக்காரர் ஒருவர் டம்ளரும் கையுமாகக் கடைக்கு வந்துவிட்டார். "அண்ணாச்சி, நீங்களே குடிச்சுப் பாருங்க" என்றார். டிக்காஷன் கறுத்துக் கிடந்தது. பால் ஊற்றியதும் சிவக்காமல் சாம்பல் பூத்தது. மேலே ஏடு போல ஒரு படலம். ருசி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

சாம்பிளைக் காட்டிவிட்டு வேறு சரக்கை அனுப்பிவிட்டார் என்று குன்னூருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். நல்லவேளை, அங்கே வாங்கிய சாம்பிளில் ஒரு பிடி என் பையில் மிச்சம் இருந்தது. வீட்டில் அதைப் போடச் சொன்னேன். அதுவும் அதே கறுப்பு, அதே ஏடு. சரக்கில் தப்பில்லை. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று அப்போது புரிந்தது. மிச்சம் 9 சிப்பத்தைக் கோயம்புத்தூரில் இருக்கும் என் சகலைக்கு லாரியில் ஏற்றினேன். சிறுவாணித் தண்ணீரில் அதே தூள் பிரமாதமாக விழுந்து, இன்னும் இருக்கிறதா என்று அவர் கேட்டார். லாரி வாடகை என் கணக்கு. குன்னூர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டதும் என் கணக்கு.

காரணம் இதுதான். உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர் என்று நாம் சொல்வதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தேயிலைக்கு நிறமும் துவர்ப்பும் கொடுக்கிற பொருள்களோடு அது சேர்ந்து மேலே படலம் கட்டும், நிறத்தை மங்கச் செய்யும், விறுவிறுப்பை அமுக்கிவிடும். லேசான மணமுள்ள உயர்ந்த ரகம்தான் முதலில் அடிபடும். கட்டியான, காரமான தூள் ஓரளவு தாங்கும். இது புதிய விஷயமில்லை. 1871-ல் கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடை திறந்த தாமஸ் லிப்டன், பின்னால் தேயிலை வியாபாரத்தில் இறங்கியபோது, அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி தேயிலை கலந்து விற்றார். அதைச் சொல்லியே விளம்பரமும் செய்தார். அவரும் நம்மைப் போல மளிகைக் கடைக்காரர்தான்.

இனி முறையைப் பார்ப்போம். ஒரே அளவுள்ள கண்ணாடி டம்ளர்கள் நாலைந்து, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று, கடிகாரம் ஒன்று இருந்தால் போதும். தேயிலை ருசி பார்ப்பவர்களின் கணக்கு 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். 150 மில்லி டம்ளர் என்றால் 3 கிராம். தேக்கரண்டியால் அளக்கக் கூடாது. பொடித் தூள் கரண்டியில் கூடுதலாக ஏறும், பருமணி குறைவாக நிற்கும்; அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

தண்ணீர் உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் புழங்கும் தண்ணீராக இருக்க வேண்டும். வீட்டில் சுத்திகரிப்பு மெஷின் இருக்கிறது என்று அந்தத் தண்ணீரில் போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். எங்கள் ஊரில் காவிரிக் கூட்டுக் குடிநீர் பிடிக்கும் வீட்டுக்கும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் டீக்கடைக்கும் ருசி மாறும். ஆகவே நான் இரண்டிலும் போட்டுப் பார்ப்பேன். தண்ணீர் தளதளவென்று கொதித்த உடனே ஊற்ற வேண்டும். வெகுநேரம் கொதித்துக் கிடந்த தண்ணீரில் டீ சப்பென்று இருக்கும். ஊற்றியதும் தட்டுப் போட்டு மூடி, 6 நிமிடம் கழித்து வடிகட்டுங்கள்.

சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். புதுச் செம்புக் காசு போல் பளிச்சென்று இருந்தால் நல்ல தயாரிப்பு. பச்சைத் திட்டு தெரிந்தால் சரியாகப் புளிக்கவில்லை. கறுத்து மங்கிக் கிடந்தால் சூடு அதிகம் பட்டது, அல்லது பழைய சரக்கு. பிறகு டீயைக் கரண்டியில் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும். பந்தியில் அப்படிக் குடித்தால் பெரியவர்கள் அதட்டுவார்கள். இந்த வேலையில் அதுதான் முறை. நாக்கில் ஒரு பிடிப்பு, ஈறில் ஒரு சுறுசுறுப்பு தெரிய வேண்டும். வெறும் கசப்பை வலு என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அது சரியல்ல.

வெறும் டீயைப் பார்த்த பிறகு எல்லா டம்ளரிலும் ஒரே அளவு பால் விடுங்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் பால் சேர்த்தே குடிப்பதால் கடைசித் தீர்ப்பு இதில்தான். செம்மஞ்சளாக மாறினால் எடுக்கலாம். சாம்பலாக மாறினால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

எது எந்தத் தூள் என்று தெரிந்து ருசி பார்த்தால் விலை கூடியது நன்றாக இருப்பதாகவே நாக்கு சொல்லும். டம்ளருக்கு அடியில் சீட்டு வைத்து, இடம் மாற்றிவிட்டுப் பாருங்கள். என் வீட்டில் சீட்டு வைப்பது நான், ருசி பார்ப்பது இல்லத்தரசி. நான் மனதில் நினைத்த தூளை அவர் எடுத்தது பத்துக்கு இரண்டு தடவை இருக்கும். எடுத்த தூள்தான் கடையிலும் போகிறது. நீலகிரித் தூள் நாலு பங்குக்கு அஸ்ஸாம் தூள் ஒரு பங்கு சேர்த்தால் எங்கள் தண்ணீரில் நிற்கிறது என்று கண்டுபிடித்ததும் அவர்தான்.

டிக்காஷன் ஆறியதும் பால் கலந்தது போல் கலங்கினால் பயப்பட வேண்டாம். நல்ல வலுவான தேயிலையின் குணம் அது. சூடு செய்தால் தெளிந்துவிடும்.

தூளைத் தவிர மற்ற ரகங்களுக்குக் கணக்கு வேறு. இலையாகச் சுருட்டிய நீலகிரித் தேயிலை, அதிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறித்தது, மணத்துக்கு விற்பது. அதை அடுப்பில் கொதிக்கவிட்டால் காசு ஆவியாகப் போகும். கொதிநீரில் 4 நிமிடம் மூடி வைத்தால் போதும். டார்ஜிலிங் இலைக்குப் பால் ஆகாது. பச்சைத் தேயிலைக்குக் கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றி, 2 நிமிடத்தில் வடிக்க வேண்டும். எனக்கு அந்த ருசி இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் கேட்டு வருகிறவருக்கு இந்த ஒரு விவரத்தைச் சொன்னால் அடுத்த பாக்கெட்டும் நம்மிடம் வாங்குவார்.

சாயத் தூள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வடிதாளில் ஒரு சிட்டிகை தூவி நாலு சொட்டுப் பச்சைத் தண்ணீர் விடுங்கள். உடனே மஞ்சளும் சிவப்புமாகக் கறை பரவினால் அது சாயம். தேயிலையின் சொந்த நிறம் பச்சைத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுப்பது நம் கடையில்தான். மலிவு என்று பில் இல்லாமல் வாங்கியவருக்கு அப்போது கை காட்ட ஆள் இருக்காது.

கடையில் வைக்கும் இடத்தையும் பாருங்கள். தேயிலை ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், ஊதுவத்தி, சோப்பு இவற்றின் பக்கத்தில் வைத்தால் பத்தே நாளில் அந்த வாசனை டம்ளரில் தெரியும். தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கி, பிரித்த சிப்பத்தை மூடி போட்ட டின்னில் கொட்டிவிடுங்கள்.

ருசி பார்த்துத் தேர்ந்தெடுத்த சாம்பிளில் 50 கிராமை, தேதியும் விலையும் எழுதிய சீட்டோடு ஒரு சின்ன டப்பாவில் அடைத்து வையுங்கள். சரக்கு வந்த அன்றே ஒரு சிப்பத்தில் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மற்ற சிப்பங்களைத் தொடாமல் உடனே போன் செய்யுங்கள். நாலு சிப்பம் விற்ற பிறகு பேசினால் எந்த வியாபாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார்.