கணினியிலும் கட்டளை உண்டு



ஆலயத்தில் 'கட்டளை' என்றால் பூசைக்கோ அன்னதானத்திற்கோ ஒருவர் ஏற்படுத்தும் அறநிதி. கணினியில் 'கட்டளை' என்றால் நாம் எழுத்தால் இடும் ஆணை. முன்னதைச் செய்தவர்களின் பெயர்களைப் பின்னதால் திரையில் காண்பது எப்படி என்பதே இப்பாடம்.

விண்டோஸ் கணினியில் பெயர்ப்பட்டியல் உள்ள கோப்புறையைத் திறந்து, மேலுள்ள முகவரிக் கட்டத்தில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, எண்டர் விசையை அழுத்துங்கள். கறுப்புத் திரை தோன்றும். அஞ்ச வேண்டாம்.

1. எக்கோ: இச்சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு ஒரு பெயரைத் தட்டி எண்டர் அழுத்தினால், எதிரொலிபோல் அப்பெயரே திரும்ப வரும்.

2. டைப்: 1981இல் வந்த டாஸ் காலத்திலிருந்தே இருக்கும் கட்டளை. இதனை அடுத்துக் கோப்பின் முழுப் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் திரையில் ஓடும். நோட்பேடில் எழுதிய கோப்பாக இருக்க வேண்டும். வேர்ட் கோப்பு கொடுத்தால் கிறுக்கல்தான் தெரியும். தமிழ் எழுத்து சில வேளை கட்டங்களாகத் தெரியலாம். அதனால் கோப்பு கெட்டுவிட்டதென்று பொருளல்ல.

3. மோர்: நீண்ட பட்டியலைப் பக்கம் பக்கமாகக் காட்டும். இடைவெளி விசை அடுத்த பக்கம். 'க்யூ' எழுத்து நிறுத்தம்.

லினக்ஸ் கணினியில் டைப்புக்குப் பதில் 'கேட்', மோருக்குப் பதில் 'லெஸ்' எனத் தட்டலாம்.

இனி ஓர் எச்சரிக்கை. எக்கோவுக்கும் பெயருக்கும் பிறகு வலப்பக்கம் நோக்கும் அம்புக்குறியும் கோப்பின் பெயரும் இட்டால், எழுத்து திரைக்கு வராமல் கோப்பினுள் போகும். இரண்டு அம்புக்குறி இட்டால் பட்டியலின் கடைசியில் சேரும். ஒன்றே இட்டால், முன்பிருந்தது முழுதும் அழிந்து புதியது மட்டும் நிற்கும்.

இதைச் சொல்லும் நானே ஒருமுறை விடுபட்ட ஓர் உபயகாரரின் பெயரைச் சேர்க்கப்போய், ஒற்றை அம்புக்குறியால் அன்னதானப் பட்டியல் முழுவதையும் இழந்தேன். பிறகு ரசீது அடிக்கட்டைகளைப் பிரித்து வைத்து, இரண்டு இரவுகள் உட்கார்ந்து மீண்டும் எழுதினேன். அடிக்கட்டை இல்லையேல், கொடுத்தவர் பெயர் அர்ச்சனையில் ஒலிக்காமலே போயிருக்கும்.

ஆகவே, முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். டைப்பும் மோரும் தனியே இட்டால் வெறுமனே காட்டும், எதையும் அழிக்காது. அவற்றில் பழகிய பின்பே அம்புக்குறியைத் தொடுங்கள். கொடுத்தவர் பெயரைக் காப்பதும் திருப்பணியே.