இடுக்கட்காலத்தில் ஊழியர் ஊக்கம்

துன்பம் நேர்ந்தவிடத்து ஊழியரின் மனவூக்கத்தைத் தலைவன் எங்ஙனம் காத்தல் கூடும்? தென்துருவக் கண்டத்தைக் கடக்கப் புறப்பட்ட ஷாக்கிள்டன் கூட்டத்தாரின் வரலாறு இதற்கு விடை தருகின்றது. அவர்களுடைய ‘எண்டியூரன்ஸ்’ என்னுங் கப்பல் 1915-ஆம் ஆண்டு பனிக்கட்டியிற் சிக்கி நொறுங்கிற்று. சுமையைக் குறைக்கவேண்டித் தம் பொற்காசுகளை எறிந்த ஷாக்கிள்டன், ஊழியரொருவரின் பாஞ்சோ என்னும் நரம்பிசைக்கருவியை உடன்கொள்ளச் செய்தார். சோர்ந்த உள்ளத்திற்கு இசை மருந்தாகும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

1916 ஏப்ரலில் அவர் ஐவருடன் படகேறி உதவி நாடிச் சென்றார். எலிபெண்ட் தீவில் எஞ்சிய 22 பேருக்கும் பிராங்க் வைல்ட் தலைமை தாங்கினார். அவர் நாடோறும் தம் படுக்கையைச் சுருட்டிவைத்து, “தலைவர் இன்று வரக்கூடும், ஆயத்தமாகுங்கள்” என்பார். நான்கு திங்கள் கழிந்து, ஆகஸ்டு 30-ஆம் நாள் மீட்புக்கப்பல் வந்தபோது 22 பேரும் உயிருடனிருந்தனர்.

நம்பிக்கையுரை மட்டுமாயின் நாட்பட நாட்பட வலிகுன்றும். வைல்ட் தம் நம்பிக்கையைச் செயலாக்கினார். அச்செயலையும் தாமே முதலிற் செய்தார். தொழிற்சாலையாயினும் கலாசாலையாயினும், இடுக்கட்காலத்தில் ஊழியர் நோக்குவது தலைவனது வாயையன்று, கையையே என்க.