இரவு வேலைக்காரரையும் கூட்டத்துக்குக் கூப்பிடு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கம்பனியின் நிலைபேறு அதிகாரியாக உனக்கு வேலை கிடைத்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். ரொறன்ரோவின் மல்வேர்னில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேலை ஏன் தேவை என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

மக்ளூர் கிரசென்ட் உனக்குத் தெரிந்த தெருதான். 1940களில் அங்கே பண்ணையாக இருந்த நிலத்தில் ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் வேலை நடந்தது. மிச்சம் மண்ணோடு கலந்தது. பிறகு அதன்மேல் வீடுகள் எழும்பின, குடும்பங்கள் குடிவந்தன. கதிரியக்கம் தெரியவந்தது 1980இல். மண்ணை அள்ளி அகற்றும் பெரும்பணி 1995இல்தான் நடந்தது. ரேடியத்தோடு வேலை செய்தவர்களுக்கு அது வழமையான நாள் வேலையாகவே இருந்திருக்கும். ஒரு நிறுவனத்தின் குணம் அப்படிப்பட்ட நாட்களில்தான் உருவாகிறது, ஆண்டறிக்கையில் அல்ல. எனவே உன் கம்பனியின் வாசலைத் தாண்டும் ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேருகிறது என்று முதலில் கேள். பதிலை எழுத்தில் வை.

ஒன்ராறியோவின் 102/94 ஒழுங்குவிதி, 10,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள அலுவலகக் கட்டடங்களில் ஆண்டுதோறும் கழிவுக் கணக்கெடுப்பும் குறைப்புத் திட்டமும் வேண்டும் என்கிறது. அந்தத் திட்டத்தை மேசையில் இருந்தபடி எழுதாதே. இரவில் துப்புரவு வேலைக்கு வருபவர்களிடம் போ. நம்மவர்களின் அம்மாமார், அப்பாமார் எத்தனை பேர் அந்த வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தார்கள்! எந்த மாடியில் ஆளில்லாமல் விளக்கு எரிகிறது, பாதி கோப்பியோடு விழும் கப் ஒன்று மீள்சுழற்சிக்கான நீலத் தொட்டிக் கடதாசி முழுவதையும் எப்படிப் பாழாக்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். ஒப்பந்தக் கம்பனியின் ஆட்கள் என்பதால் அலுவலகத்தின் பசுமைக் குழுவில் அவர்கள் பெயர் இராது. எனக்கு இது நெடுநாள் கோபம்.

தொழிலாளரைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. தரைவிரிப்பு செய்யும் இன்டர்ஃபேஸ் கம்பனியின் தலைவர் ரே ஆண்டர்சன் 1994இல் சூழலைக் காக்கும் பக்கம் திசை மாறியபோது, தொழிற்சாலைகளில் ஊழியர் குழுக்களே கழிவைத் தேடிப் பிடித்தன. அதனால்தான் அந்த முயற்சி அவரோடு முடியவில்லை.

கொள்வனவுப் பிரிவையும் விடாதே. விலை ஒன்றையே பார்த்து வாங்குகிறவரின் வேலை மதிப்பீட்டில் கழிவும் மின்சாரமும் ஏறாவிட்டால், நீ ஒட்டும் சுவரொட்டிகளால் எதுவும் அசையாது.

முதல் கூட்டத்தை இரவு வேலை தொடங்கும் நேரத்தில் வை. துப்புரவுத் தொழிலாளருக்கு அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுக்கச் சொல். மேலிடம் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி, அடுத்த மாதம் திரும்பவும் கேள்.

அன்புடன்,
அக்கா