பலூன் கடையிலிருந்து பத்து மீட்டருக்கு

கூவாகம் திருவிழாவோ கல்வராயன் மலைக் கோடை விழாவோ, நம்மூர்க்காரர்களில் பலர் முதன்முதலில் ரைபிளைத் தொட்டது பலூன் கடையில்தான். அந்தத் துப்பாக்கிகளின் குறி பெரும்பாலும் கோணல். விஷயம் தெரிந்தவர் நாலு குண்டு வீணாக்கிவிட்டு, "கொஞ்சம் கீழ வெச்சு அடி" என்பார். அடுத்த பலூன் வெடிக்கும். துப்பாக்கி கோணலானாலும் குண்டு ஒரே இடத்துக்குப் போகிறது என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். நடுவில் அடிப்பது பிறகு. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சுடுவதுதான் முதல் பாடம்.

மலையில் பன்றி விரட்ட வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியில் இதைப் பழக முடியாது. கையால் மருந்து கிட்டிக்கும் குழாயில் ஒரு வெடி போல மறுவெடி இருக்காது. உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமும்கூட. பழக ஏற்றது 4.5 மி.மீ. பெல்லட் போடும் ஏர் ரைபிள். குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாததென்றால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். அடையாளச் சான்று கொடுத்து ரசீதோடு வாங்குங்கள். அதை வைத்துக் கொக்கு, புறா அடித்தால் வனத்துறை வழக்குப் போடும். உரிமம் வேண்டாம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக்கோப்பைத் தங்கம் வாங்கியது இந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்கும் போனார். அந்தப் போட்டியின் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் அகலம். பேனாவால் வைக்கும் புள்ளி அளவு.

பழக இடம் தேடுகிறவர்கள் பள்ளி, கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் சேர்ந்துவிடுங்கள், பாயின்ட் 22 ரைபிளைக் குப்புறப் படுத்துச் சுடச் சொல்லித் தருவார்கள். போட்டிக்குப் போக நினைப்பவர்கள் மாநிலச் சங்கத்தோடு இணைந்த ரைபிள் கிளப்பில் சேர வேண்டும். வீட்டுக் கொல்லையில் சுவரைப் பார்த்துச் சுடாதீர்கள். பெல்லட் தெறித்துத் திரும்பி வரும், கண் போய்விடும்.

எந்த ரைபிளிலும் குண்டு இருப்பதாகவே நினையுங்கள். குழல் வாய் எப்போதும் இலக்குப் பக்கம். சுடும் நொடிவரை விரல் விசைக்கு வெளியே.

முதல் நாள் உங்கள் முதன்மைக் கண்ணைக் கண்டுபிடியுங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து அதன் வழியே தூரத்து மின்கம்பத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது கம்பம் மறையாமல் நின்றால், திறந்திருக்கும் கண்தான் குறிபார்க்கும் கண்.

அடுத்தது நிற்பது. இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். வலக்கைக்காரர் இடத் தோள் இலக்கைப் பார்க்கத் திரும்பி, கால்களைத் தோளகலம் விரித்து நிற்க வேண்டும். இட முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, அந்தக் கையில் ரைபிளை இருத்துங்கள். எடையைச் சுமக்க வேண்டியது எலும்பு. தசை சுமந்தால் பத்தாவது குண்டுக்குள் கை நடுங்கும். இப்போது கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுக்காதீர்கள், காலை நகர்த்துங்கள்.

பலூன் கடைப் பழக்கம் ஒன்றை இங்கே விட்டுவிட வேண்டும். அங்கே பலூனைப் பார்த்தோம். இங்கே கண் முன்குறியில் நிற்கட்டும், இலக்கு மங்கினால் மங்கட்டும். மூச்சை விட்டு, அடுத்ததை இழுக்குமுன் வரும் இடைவெளியில் விரல் நுனியால் விசையை மெல்ல, நேராகப் பின்னே அழுத்துங்கள். ஏழெட்டு நொடியில் குண்டு போகவில்லையா? ரைபிளை இறக்கிவிடுங்கள். இறக்கத் தெரியாதவருக்குத்தான் மோசமான குண்டுகள் விழும். குண்டு போன பிறகும் ஒரு நொடி அப்படியே நிற்க வேண்டும்; உடனே தலை தூக்கிப் பார்க்கும் ஆசைக்குப் பாதிப் புள்ளிகள் பலியாகும்.

வீட்டில் குண்டில்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து விசைப் பயிற்சி செய்யலாம். ஆனால் ஸ்பிரிங் வகை ரைபிளில் பெல்லட் இல்லாமல் விசையை அழுத்தினால் பிஸ்டன் கெடும்; அதில் தூக்கி நிற்பதோடு நிறுத்துங்கள். பெல்லட் ஈயம் என்பதால் சுட்ட கையோடு டீக்கடை வடையைத் தொடாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு தாளில் ஐந்து குண்டு சுட்டுவிட்டுப் பாருங்கள். துளைகள் சிதறியிருந்தால் குறியைத் தொட வேண்டாம். நிற்பதிலோ விசையிலோ கோளாறு. ஓரமாகவேனும் நெருங்கி விழுந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. குவியல் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறித் திருகைச் சில கிளிக் நகர்த்தினால் போதும். தாளில் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத் தாளை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.