கியர்ப் பழுதும் அதனைக் குறிக்குஞ் சொற்களும்

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார்ச் சைக்கிளின் கியரைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலே படிப்பித்த ஆசிரியர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். பாடக்குறிப்பைப் போலவே வண்டியும் தம் தொழிலுக்கு இன்றியமையாதது என்பர். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன், எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கஞ் செல்வோர், ‘பாதை’ என நம்மவர் வழங்கும் மிதவையில் வண்டியையும் ஏற்றிக்கொண்டே வாவியைக் கடந்தனர். அப்பால் வயல் வட்டைகளூடே கிரவல் வழிகள். மாரியிற் சேறு, கோடையிற் புழுதி. இத்தகைய வழிக்கென்றே அமைந்தவை மண்வழி மோட்டார்ச் சைக்கிள்கள்.

அவ்வினத்திற் புகழ்பெற்றது, 1968இல் வெளிவந்த யமஹா டி.ரி. 1 என்னும் 250 சி.சி. வண்டி. அதன் இளவலாகிய 125 சி.சி. வண்டியொன்று, என் தமையனார் ஓட்டியது, என்னிடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதன் கியர் மிதி கடினமாயிற்று. ஒரு கராச்சிற்குக் கொண்டுசென்று, “கியர் சரியில்லை” என்றேன். அவர்கள் இயந்திரத்தை இரண்டாகப் பிளந்தனர். மூன்று வாரமும் ஒரு மாதச் சம்பளத்திற் பாதியுஞ் சென்றன. திரும்பி வந்த வண்டியின் மிதியோ முன்போலவே கடினமாயிருந்தது. பின்னர்க் கண்ட உண்மை யாதெனின், பழுது கியர்ப் பெட்டியில் இல்லை. உவர்க்காற்றில் உள்ளே துருவேறிய கிளச்சுக் கேபிளில் இருந்தது. கராச்சுக்காரரை மட்டுங் குறைகூறிப் பயனில்லை. நான் கொடுத்த சொல்லே பிழை. மாணவர் பொருந்தாச் சொல் எழுதினாற் புள்ளி குறைப்பவன், ‘சரியில்லை’ என்ற ஒரு சொல்லிலே ஐந்து வேறு நோய்களை அடக்கிக் கொடுத்தேன்.

அச்சொற்களைப் பிரித்தறிய வேண்டுமாயின் உள்ளே நிகழ்வது தெரிதல் வேண்டும். கியர் மாற்றுதல் என்பது பற்சக்கரங்களைப் புதிதாகக் கொளுவுதல் எனப் பலர் எண்ணுவர். அன்று. இப்பெட்டியிலே பற்சக்கரச் சோடிகள் யாவும் எப்பொழுதும் கொளுவியே நிற்கின்றன. ஆயின் ஒவ்வொரு சோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டின்மேல் வாளா சுழல்வது. பக்கத்துச் சக்கரம் நகர்ந்து, தன் விலாவிலுள்ள தடித்த முளைகளை அதன் துளைகளுட் புகுத்தும்போதே அச்சோடி வேலை செய்கின்றது. சக்கரத்தை நகர்த்துவது கவை போன்றதோர் உறுப்பு. கவையை நகர்த்துவது பள்ளம் வெட்டிய உருளை. உருளையைத் திருப்புவது, நம் கால் மிதிக்குந் தண்டு. உருளை ஒவ்வொரு நிலையிலும் நிற்கும்படி ஸ்பிரிங் ஒன்று அழுத்திப் பிடிக்கின்றது. காலுக்குக் கேட்கும் ‘கிளிக்’ அதனுடையதே.

இனி, இறுக்கம் என்பது யாது? எல்லாக் கியரிலும் மிதி கடினமாயிருந்து, வண்டி நிற்கையில் நடுநிலை அகப்படாது ஓடி ஒளியுமாயின், முதலிற் கிளச்சையே ஐயுறுக. வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, பின்சில்லு நிலத்திற் படாதபடி உயர்த்தி, இயந்திரம் சூடேறியபின் கிளச்சைப் பிடித்து முதற் கியரில் இடுக. சில்லு மெல்லச் சுழல்வது எண்ணெயின் ஒட்டால் நேர்வது; காலால் தடுக்க நின்றுவிடும். நில்லாது வலித்து ஓடுமாயின் கிளச்சு முற்றும் விடுபடவில்லை. கைப்பிடியில் 2 முதல் 3 மி.மீ. தளர்ச்சி உண்டோ, கேபிள் வழுக்கி ஓடுகின்றதோ, பெட்டியில் அளவுக்கு மிஞ்சித் தடித்த எண்ணெய் விடப்பட்டுள்ளதோ என்று காண்க. நான் இழந்த மூன்று வாரத்தை இச்சோதனை பத்து நிமிடத்தில் மீட்டிருக்கும். இன்னுமொன்று: இயந்திரம் நின்றிருக்கும்போது கியர் விழவில்லை என்று அஞ்சுதல் வேண்டா. முளையுந் துளையும் நேர்படாதவிடத்து எந்தப் புதுவண்டியிலும் விழாது. பின்சில்லைக் கையாற் சற்றே உருட்டிக்கொண்டு மிதித்தல் வேண்டும்.

தளர்வு வேறு. மேலுங் கீழும் வெகுதூரம் ஆடிய பின்னரே மிதி பற்றுமாயின் பழுது வெளியில் உள்ளது. என் பழைய மாணவர் ஒருவர், “சேர், கியர்ப் பெட்டி முடிந்தது, பழைய இரும்புக்கு விற்கப் போகிறேன்” என்று இதே இன வண்டியொன்றைக் கொணர்ந்தார். மிதியைக் கையாற் பிடித்து ஆட்டினேன். மிதி ஆடிற்று, தண்டு ஆடவில்லை. மிதியின் துளையிலுள்ள வரிப்பற்கள் தேய்ந்திருந்தன; இறுக்கும் போல்ட்டுந் தளர்ந்திருந்தது. வேறொரு மிதி பூட்டி அன்று மாலையே வீடு சென்றார். மிதி விழுந்து வளைந்து இயந்திர மூடியில் உரசினாலும் இத்தகைய மயக்கம் உண்டாகும். இறப்பர்ச் செருப்போடு ஓட்டுபவர்க்கும் சப்பாத்தோடு ஓட்டுபவர்க்கும் ஒரே மிதி இருவிதமாய்த் தோன்றும் என்பதையும் மறவற்க.

மிதித்தபின் மிதி தன் நடுவிடத்திற்குத் திரும்பாமை மூன்றாவது நோய். தண்டைச் சுற்றி மணலும் உப்புஞ் சேறுங் காய்ந்து இறுகியிருக்கலாம். கழுவி எண்ணெயிட்டுப் பார்த்து, அதன்பின்பே மீள்ஸ்பிரிங் முறிந்ததோ, தண்டு வளைந்ததோ என ஆராய்க. மிதி திரும்பியும், எக்கியருக்குஞ் செல்லாது இடையிலே பொய்யான நடுநிலை பலவிடத்துந் தோன்றுமாயின், உருளையைப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருத்தல் கூடும். அன்றேல் உருளையைத் தள்ளுங் கைச்சட்டம் ஒழுங்கு தவறியிருக்கும். டி.ரி. வண்டியில் இவற்றைக் காண வலப்பக்க மூடியையுங் கிளச்சையுங் கழற்றினாற் போதும். இயந்திரத்தைப் பிளக்க வேண்டுவதில்லை.

எதனைத் திறக்குமுன்னும் எண்ணெயை வடித்துப் பார்த்தல் நன்று. இவ்வண்டியில் எரிபொருளோடு கலக்கும் எண்ணெய் வேறு, கியர்ப் பெட்டியின் எண்ணெய் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றியோரையுங் கண்டுள்ளேன். வடிந்த எண்ணெய் பாற்றேநீர் போலிருந்தால் நீர் புகுந்துவிட்டது. மாரிக்காலத்தில் சூடான இயந்திரத்தோடு வெள்ளத்தில் இறங்கும்போது, உள்ளிருக்குங் காற்றுக் குளிர்ந்து சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ நீரை இழுக்கும். வடிமுளையிற் சாம்பல் நிறப் பசை சிறிது இருப்பது இயல்பு. விரலுக்குத் தட்டுப்படும் இரும்புத் துண்டு இயல்பன்று.

எஞ்சியது நழுவல். ஒரு குறித்த கியரில் மட்டும், முறுக்கி ஏறும்போது ‘டக்’ என்று கழன்று நடுநிலைக்குப் போதலே இதன் அடையாளம். முளைகளின் விளிம்பு மழுங்கியிருக்கும், அன்றிக் கவை வளைந்திருக்கும். முதலாவதிற்கும் இரண்டாவதிற்கும் இடையில் நடுநிலை கிடப்பதால், அஞ்சி அஞ்சி மிதிப்பவர் கால் இரண்டாவதை முழுதும் புகுத்துவதில்லை. அரைகுறையாய்ப் பற்றிய முளை ஒவ்வொரு தடவையும் சிறிது தேய்கின்றது. இதற்கு வெளியில் மருந்தில்லை. இயந்திரத்தைப் பிளந்தே ஆகவேண்டும்.

என் வண்டியின் இரண்டாவது கியர் கடந்த மாரி முதல் இவ்வாறு நழுவுகின்றது. கேபிள் புதிது, எண்ணெய் தெளிவு, மிதி இறுக்கம். மூன்றாவதில் நழுவல் இல்லை. சித்திரை விடுமுறையில் அதே கராச்சிற்குத்தான் கொண்டுசெல்ல இருக்கின்றேன். இம்முறை ஒரு துண்டுத்தாளில், “இரண்டாவது கியர் மட்டும், சுமையோடு ஏறும்போது மட்டும் நழுவுகின்றது” என்று எழுதி வண்டியின் கைப்பிடியிற் கட்டிவைத்துள்ளேன்.