ஆடு வாங்கும் முன் ஆறு மாதம்: மேய்ச்சல் நிலத்தில் ஒரு தொழிற்பயிற்சி

விருத்தாசலத்தில் செராமிக் பட்டறைக்குப் புதிதாக வருகிற பையனிடம் முதல் நாளே சூளையை ஒப்படைக்க மாட்டார்கள். மண் கரைக்கணும், அச்சில் ஊத்தணும், நிழலில் காய வைக்கணும், எது விரிசல் விடும்னு கண்ணாலேயே கண்டுபிடிக்கப் பழகணும். அதுக்கப்புறம்தான் சூளைப் பக்கம். ஆனால் ஆடு, மாடு வளர்ப்பு என்று வந்துவிட்டால் நம்மில் பலர் முதல் நாளே சூளையைப் பற்ற வைத்துவிடுகிறோம். நாலு வீடியோ, ஒரு கடன், ஒரு சந்தை. மந்தை வீட்டு வாசலில் நிற்கிறது.

எங்கள் சித்தப்பா அப்படித்தான் ஆரம்பித்தார். கடன் வாங்கி 30 செம்மறி பிடித்தார். ஐப்பசி மழை பெய்து எங்கே பார்த்தாலும் பச்சை. காலை ஆறு மணிக்கே பட்டியைத் திறந்து விட்டார். கார்த்திகை முடிவதற்குள் 11 ஆடுகள் போய்விட்டன. தாடைக்குக் கீழே வீக்கம், கண் இமை வெளுப்பு, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இறந்த ஆட்டை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழுக்களைக் காட்டினார். பக்கத்து ஊர் ஆட்டுக்காரப் பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பச்சையைப் பார்த்தே, சரி. பனியைப் பார்த்தியா தம்பி?" ஆடு போனது, கடன் மட்டும் அப்படியே நின்றது.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்ததைக் கடன் வாங்குவதற்கு முன்னாலேயே கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். அதற்கான பாடம்தான் இது.

பாடம் 1: ஆடும் மாடும் ஒரே நிலத்தில்

காங்கயம் பக்கம் போனால் கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைப் பார்க்கலாம். பெயர் கொறங்காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரங்கள். மழை குறைந்த அந்தப் பகுதியில் காங்கயம் மாடுகளும் மேச்சேரி செம்மறிகளும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வளர்ந்து வருகின்றன. நிலத்தை வேலி போட்டுப் பிரித்து, ஒரு பகுதியில் மேய விட்டு, மற்றதை ஓய விடுவார்கள்.

இதன் கணக்கு எளிது. மாடு நாக்கால் சுற்றி இழுத்து மேயும். அதற்கு உயரமான புல் வேண்டும். செம்மறி தரையை ஒட்டிக் கடிக்கும். மாடு முன்னால், ஆடு பின்னால் போனால் புல் வீணாவதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. ஆட்டைத் தாக்கும் குடற்புழுக்கள் பெரும்பாலும் மாட்டு வயிற்றில் பிழைப்பதில்லை. மாட்டுப் புழுக்களுக்கும் ஆட்டு வயிறு சரிப்படுவதில்லை. மாற்றி மாற்றி மேய்த்தால் நிலத்தில் புழுவின் பெருக்கம் தானாகவே குறையும்.

பாடம் 2: புல்லைப் படிப்பது

மேய்ச்சலில் பயிற்சி எடுப்பவர் முதல் மாதம் ஆட்டைப் பார்ப்பதை விடப் புல்லைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

• நாலு விரல் உயரத்துக்குக் கீழே புல்லைக் கடிக்க விடாதீர்கள். அடித்தண்டும் வேரும் பிழைத்தால்தான் அடுத்த தழைவு வரும். மொட்டையாக மேய்ந்த இடத்தில் முதலில் முளைப்பது ஆடு தொடாத களைதான்.

• பனி உலர்ந்த பிறகே பட்டியைத் திறக்க வேண்டும். புழுக்குஞ்சுகள் ஈரத்தோடு புல் நுனிக்கு ஏறும். வெயில் வந்தால் கீழே இறங்கிவிடும். சித்தப்பா தவறவிட்டது இந்த இரண்டு மணி நேரத்தைத்தான்.

• இளஞ்சோளப் பயிரில், அதிலும் வறட்சியில் வாடிய பயிரில், மந்தையை விடக் கூடாது. அதில் உள்ள நச்சு சில நிமிடங்களிலேயே மாட்டைக் கூடச் சாய்த்துவிடும்.

• அறுவடை முடிந்த நிலத்தில் இரவுக் கிடை போட்டால் சாணமும் மூத்திரமும் நேராக மண்ணுக்கே போகும். கிடையைத் தினமும் நகர்த்தணும். ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்துக் கீதாரிகள் டெல்டா வரை மந்தை ஓட்டி வந்து செய்கிற வேலை இதுதான். நிலக்கடலை விளையும் நம்ம பகுதியில் கடலைக் கொடியும் நல்ல தீவனம். ஆனால் திடீர்னு வயிறு முட்டக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கணும்.

பாடம் 3: ஆட்டைப் படிப்பது

செம்மறியின் சினைக் காலம் சுமார் 150 நாள். அதனால்தான் ஆறு மாதம் என்கிறோம். சினை பிடிப்பது முதல் குட்டி போடுவது வரை ஒரு முழுச் சுற்றை நீங்கள் கூட இருந்து பார்த்திருப்பீர்கள். அதற்குள் கைவர வேண்டியவை:

• கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது. சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் புழுவாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டணும்.

• பல் பார்த்து வயது சொல்வது. சந்தையில் 'ரெண்டு பல்', 'நாலு பல்' என்பார்கள். இது தெரியாதவரிடம் கிழட்டு ஆட்டை எளிதாகத் தள்ளிவிடலாம்.

• பிறந்த குட்டிக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைத்து, தொப்புளில் அயோடின் தடவுவது.

• புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று, நான்கு வாரம் தனியாக வைப்பது.

• கோமாரி, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, நீலநாக்கு நோய்களுக்கான தடுப்பூசி மாதங்களைக் குறித்து வைப்பது.

எங்கே கற்பது?

வகுப்புப் பாடத்துக்கு விருத்தாசலத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கடலூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் உள்ளது. மேச்சேரி ஆடு பற்றித் தெரிந்துகொள்ள சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காங்கயம் மாட்டினத்துக்காகவே குட்டப்பாளையத்தில் ஒரு ஆராய்ச்சி அறக்கட்டளை இயங்குகிறது. ஆனால் வகுப்பு சில நாளில் முடிந்துவிடும். மீதியை மந்தையோடு நடந்துதான் கற்க வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் குவிவிரா என்ற அமைப்பு, புல்வெளியைக் காக்கும் பண்ணைகளில் இளைஞர்களை மாதக்கணக்கில் தங்க வைத்து இதே முறையில் பழக்குகிறது. நம்ம ஊரில் அந்த வாத்தியார், அனுபவமுள்ள ஆட்டுக்காரர்தான். நல்ல மந்தை யாரிடம் இருக்கு என்று உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

சேரும் முன் வெட்கப்படாமல் பேசிக்கொள்ளுங்கள்: சாப்பாடு, தங்கும் இடம், கூலி, விடுப்பு. "ஐயா, குட்டி போடும்போதும் மருந்து கொடுக்கும்போதும் என்னைக் கூப்பிடணும்" என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாணி அள்ளுவதும் பயிற்சிதான். ஆனால் சாணி அள்ளுவது மட்டுமே பயிற்சி ஆகிவிடக் கூடாது.

போனில் என்ன செய்யலாம்?

1. ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒரு முறை மேய்ச்சல் நிலத்தைப் படம் எடுங்கள். மூன்று மாதத்தில் புல் கூடுதா, குறையுதா என்று படமே சொல்லும்.

2. தினமும் மாலை எண்ணிக்கை, நோய், மருந்து, பிறப்பு, இறப்பு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

3. அவசரத்துக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணைச் சேமித்து வையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் எண் இது.

4. காதுவில்லை எண்களைப் படம் பிடித்து வையுங்கள். காப்பீட்டுத் தொகை கேட்கும்போது அது தேவைப்படும்.

மானியத்துக்கும் இது உதவும்

தேசிய கால்நடை இயக்கத்தில் செம்மறி, வெள்ளாட்டு இனப்பெருக்கப் பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியம் உண்டு. 100 பெட்டை, 5 கிடா கொண்ட பண்ணைக்கு அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். விண்ணப்பம் உத்யமி மித்ரா இணையதளம் வழியாக. பயிற்சியோ போதிய அனுபவமோ இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். உங்கள் பயிற்சிச் சான்றும், ஆறு மாதக் குறிப்பும் படங்களும் அப்போது கைகொடுக்கும். விண்ணப்பிக்கும் முன் நடப்பு விதிகளைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: மானியம் பாதிதான். மீதிப் பாதி உங்கள் பணம் அல்லது உங்கள் கடன்.

சித்தப்பா இப்போது மறுபடி ஆடு வைத்திருக்கிறார், எட்டே எட்டு. கூடவே இரண்டு மாடு. நடுவில் ஒரு வருடம் அந்தப் பெரியவர் மந்தையோடுதான் நடந்தார். இப்போதெல்லாம் காலையில் பட்டிக்குப் போனதும் முதலில் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்க்கிறார். கை ஈரமானால் திரும்பி வந்து இன்னொரு டீ குடிக்கிறார்.