கிட்டங்கிச் சரக்கும் யுத்தச் சட்டமும்

யுத்தம் வந்துவிட்டால் சட்டம் ஏது, துப்பாக்கி பிடித்தவன் எடுத்ததெல்லாம் அவனுக்கே சொந்தம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. படைகளுக்கும் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. வணிகர்களாகிய நாம் அதை அறிந்திருத்தல் நலம்.

1907-ஆம் ஆண்டு ஹேக் நகரில் தரைப்போருக்கென விதிகள் வகுக்கப்பட்டன. ஜப்பானும் அவற்றை ஏற்ற நாடே. தனியார் சொத்தைப் பறிமுதல் செய்யலாகாது என்பது 46-ஆவது விதி. கொள்ளையடிக்கலாகாது என்பது 47-ஆவது விதி. பிடித்த ஊரில் தங்கியுள்ள படைக்குத் தேவையான பொருளைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அவ்விடத்துத் தளபதியின் உத்தரவு வேண்டும். இயன்றவரை ரொக்கம் தரவேண்டும். இல்லையேல் ரசீது தந்து, விரைவில் பணம் கொடுக்கவேண்டும். இது 52-ஆவது விதி. ஆயுதம், வெடிமருந்து போன்ற போர்ச் சாதனங்களை, தனியாருடையவையாயினும், கைப்பற்றலாம். சமாதானம் ஏற்பட்டபின் அவற்றைத் திருப்பித் தந்து நஷ்டஈடும் தீர்க்கவேண்டும் என்பது 53-ஆவது விதி.

இவை ஏட்டளவில் நின்றனவா? நம் சிங்கப்பூரிலேயே நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

1942-இல் ஜப்பானியப் படை சுமத்ராவிலிருந்த டச்சுக் கம்பெனிகளின் எண்ணெய்க் கிணறுகளைக் கைப்பற்றியது. அங்கு எடுத்த எண்ணெயில் ஒரு பகுதி சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. 1945-இல் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை, இது எதிரியின் சொத்து என்று அதை எடுத்துக்கொண்டது. கம்பெனிகள் நஷ்டஈடு கேட்டன. யுத்த நஷ்டஈட்டுக் கமிஷன் மறுத்தது.

1956-இல் சிங்கப்பூர் அப்பீல் கோர்ட்டு கம்பெனிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. பூமிக்குள் கிடக்கும் கச்சா எண்ணெய் போர்ச் சாதனமன்று. அங்கிருந்த படையின் தேவைக்காக மட்டுமின்றி ஜப்பானின் எல்லாத் தேவைகளுக்காகவும் அதை எடுத்தது ஹேக் விதிக்கு முரண். ஆகவே ஜப்பானுக்கு அதில் உரிமை உண்டாகவில்லை. இல்லாத உரிமையை ஜப்பானிடமிருந்து பிரிட்டிஷ் படை பெறவும் முடியாது என்பதே முடிவு. திருட்டுச் சரக்கு எத்தனை கை மாறினாலும் உரியவன் உரிமை போகாது என்று நாம் கடைத்தெருவில் சொல்வதும் இதுவேயன்றோ!

இந்த விதிகள் 1942-இல் அபகரித்த கையைத் தடுக்கவில்லை என்பது மெய்தான். நியாயம் வந்துசேரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஆயினும் வந்தது. கேட்டவருக்கு வந்தது, இன்னது என்னுடையது என்று காட்ட முடிந்தவருக்கு வந்தது.

ஆகவே சகோதரர்களே, சரக்குக் கணக்கையும் கொள்முதல் ரசீதுகளையும் கிட்டங்கியில் மட்டும் வைத்திராமல், ஒரு நகலை வேறோரிடத்திலும் பத்திரப்படுத்துங்கள். யாரேனும் அதிகாரத்தின் பெயரால் பொருளை எடுத்தால், எழுத்தில் ஒரு ரசீது கேளுங்கள். கேட்பது நம் உரிமை.